வேதா கேட்ட தோசைக்கல்

ஓசூர்
9.12.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வேதா எழுதுகிறேன். நான் இருக்கிறேன், அவரும் இருக்கிறார். இப்போதைக்குச் சொல்லக்கூடிய சுகம் அவ்வளவுதான். அங்கே தீபக் கூட்டமெல்லாம் வடிந்திருக்கும். இனியாவது உன் லாட்ஜ் முதலாளி உன்னைக் கொஞ்சம் கண்ணை மூட விடுகிறாரா?

போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தைத் தூக்குகிறாள் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் அழுகிறேன். அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் ஓசூர் வந்து சேர்வதற்குள்ளேயே பஸ்ஸில் வைத்து ஒரு சண்டை போட்டாயிற்று. பக்கத்து சீட்டுக்காரம்மா எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டும் அளவுக்கு அழுதேன். எழுதினால் அந்தக் கூத்து இருக்காது. அதோடு செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு டயாலிசிஸ். மெஷின் ஓடுகிற நேரம் முழுக்க நான் வெளியே நாற்காலியில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தை பிறந்ததும் வீட்டுக்காரர் மகன் வீட்டை இடித்துவிட்டு, கிரிவலம் வருகிறவர்களுக்கு ரூம் கட்டப்போகிறார் என்றாய். நீ லாட்ஜ் மாடியில் ஒரு ரூமுக்குப் போகப்போகிறாய் என்றாய். "உனக்கு என்னா வேணுமோ சொல்லு, மிச்சத்தை எல்லாம் தூக்கிப் போட்டுடறேன்"னு நீ சொன்னதில்தான் எனக்குக் கோபம் வந்தது. நாம் பிறந்து வளர்ந்த வீட்டை, வாடகை வீடாகவே இருக்கட்டும், அப்படியா பேசுவது?

சரி, சொல்கிறேன். எனக்கு அம்மாவின் தோசைக்கல் வேண்டும். கூடவே அந்த இரும்புத் தோசைத் திருப்பியும். வேறு ஒன்றும் வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. டீயைக் குடித்தே வயிற்றை ரொப்பிக்கொள்ளாதே.

உன் தங்கச்சி,
வேதா


திருவண்ணாமலை
18.12.2025

அன்புள்ள வேதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. லாட்ஜ் மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஒரு வரி எழுதுவதற்குள் "ரூம் உந்தா?" என்று ஒரு குடும்பம் வந்து நிற்கிறது. இல்லை என்று தெலுங்கில் சொல்லிவிட்டுத் திரும்பினால் மூன்றாம் மாடியில் சுடுதண்ணி வரவில்லை என்று இன்னொருவர். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? கால் வீக்கம் வடிந்ததா?

நான் வீட்டைத் தூக்கிப் போடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். ரெண்டு ஆள் படுக்கிற ரூமில் நான் எதை வைப்பேன், சொல்லு? அம்மாவின் சேலைகளைப் பக்கத்து வீட்டு வள்ளி எடுத்துக்கொண்டாள். அம்மாவைத் திருப்பிப் போட்டு முதுகு துடைக்க எனக்குக் கூடமாட நின்றவள் அவள்தான், அவளுக்குத்தான் நியாயம். அந்தப் பெரிய கட்டிலைப் பழைய சாமான்காரன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். மருந்து டப்பாக்களைக் கொட்டினேன். கொட்டக் கொட்ட வருகிறது. ஒரு மனுஷிக்கு இவ்வளவு மாத்திரையா என்று இப்போதுதான் எனக்கே திகைப்பாக இருக்கிறது.

நீ கேட்பதுதான் புரியவில்லை. பித்தளை அண்டா இருக்கிறது. உன் பேர் வெட்டிய எவர்சில்வர் குடம் இருக்கிறது, உனக்கென்று வாங்கி அம்மா கொடுக்காமலே விட்டது. அதையெல்லாம் விட்டுவிட்டு, கறுப்பாக, ஒரு காது உடைந்த அந்தக் கல்லையா கேட்பாய்? ஓசூர்க் கடையில் கிடைக்காத தோசைக்கல்லா?

கேட்டுவிட்டாய், அனுப்புகிறேன். மார்கழியில் எதையும் அசைக்க வேண்டாம், தையில் பார்ப்போம். திருப்பியைத் தேடினேன், கண்ணில் படவில்லை. பழைய சாமான்காரன் மூட்டையோடு போயிருக்கும்.

உன் அண்ணன்,
அருணகிரி


ஓசூர்
26.12.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வீக்கம் வடிந்து, மறுபடி ஏறி, மறுபடி வடிந்திருக்கிறது. அவர் சலித்துக்கொள்வதில்லை. அவருக்கும் சேர்த்து நான் சலித்துக்கொள்கிறேன்.

திருப்பியைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டேன் என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டாய்! உனக்குக் கை கூசவில்லையா? அம்மாவுக்கு இடது கைப் பழக்கம். அத்தனை வருஷம் இடது கையாலேயே சுரண்டிச் சுரண்டி அதன் ஒரு ஓரம் சாய்வாகத் தேய்ந்துபோயிருக்கும். நான் எடுத்தால் தோசை மடங்கும், நீ எடுத்தால் கிழியும். அம்மா கைக்கு மட்டும்தான் அது படியும். இன்னொரு தரம் தேடிப் பார், அண்ணா. அடுப்பு மேடைக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்திருக்கும்.

ஓசூரில் கல் கிடைக்காதா என்று கேட்டிருக்கிறாய். எங்கள் வீட்டில் மூன்று இருக்கிறது. ஒட்டாத கல், நனையாத கல் என்று என் மகள் எதையெதையோ வாங்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஒன்றிலும் அந்த வாசனை வராது. அம்மா பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்ததும் ஒரு வாசனை வருமே, அதில்தானே நாம் கண் விழிப்போம். உனக்கு ஞாபகம் இல்லை என்று மட்டும் சொல்லாதே. பாயில் படுத்தபடியே "எனக்கு மொறுமொறுன்னு"னு கத்துவது நீதான்.

முதல் தோசை எப்போதும் பிய்ந்துதான் வரும். அதை அம்மா நமக்குப் போட்டதே இல்லை. அடுப்பிலிருந்தே எடுத்து, நின்றபடி வாயில் போட்டுக்கொள்வாள். இரண்டாவது உனக்கு, மூன்றாவது எனக்கு. பிய்ந்த தோசைதான் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று எனக்குக் கல்யாணம் ஆகிறவரை நினைத்துக்கொண்டிருந்தேன், பைத்தியக்காரி.

இவருக்கு இப்போது உப்பு கூடாது, தண்ணீரும் அளந்துதான். பாதிச் சமையல் மறந்தே போயிற்று. அந்தக் கல் வந்தால் காலையில் ஒருவேளையாவது நம் வீட்டு அடுப்படி மாதிரி இருக்கும் என்று ஒரு நப்பாசை. அம்மா போனதோடு எனக்குத் தாய்வீடு என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது, அண்ணா. அந்தக் கல்லாவது இருக்கட்டும்.

அன்புடன்,
வேதா


திருவண்ணாமலை
19.1.2026

அன்புள்ள வேதாவுக்கு,

வீட்டைக் காலி செய்துவிட்டேன். சாவியைக் கொடுத்தபோது வீட்டுக்காரர் மகன், "அண்ணே, இன்னும் ரெண்டு நாள் வேணும்னாலும் இருந்துட்டுப் போங்க"ன்னார். நல்ல பையன். இருந்து என்ன செய்வது? வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவதா? வந்துவிட்டேன்.

துக்க வருஷம் என்பதால் பொங்கல் வைக்கவில்லை. இந்த வருஷம் உனக்குப் பொங்கல் வரிசையும் வரவில்லை. ஒவ்வொரு தையும் அம்மா கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை என்று என் பேரில் அனுப்பிவிட்டு, "நாந்தான் அனுப்பினேன்னு அவ கிட்ட சொல்லுடா"ம்பாங்க. எனக்குப் புடவையின் நிறம்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் ஒன்று பார்த்திருக்கிறேன். பித்தளையைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்க்காமல் உன் வீட்டுக்கு அம்மா எதையும் கட்டியதில்லை. "பொண்ணு வீட்டுக்குப் போற சாமானு, அழுக்கா போனா நம்மளைத்தானே சொல்லுவாங்க"ம்பாங்க.

அதனால் உன் கல்லை அப்படியே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. போளூர் ரோட்டில் ஒரு பட்டறைக்கு எடுத்துப்போய், மிஷினில் கொடுத்து, கறுப்பெல்லாம் போக இழைத்து வாங்கினேன். உடைந்த காதுக்கும் புதிதாக ஒன்று வெல்டிங் வைத்தாயிற்று. இப்போது பார்த்தால் முகம் தெரிகிறது. மாப்பிள்ளை வீட்டில் யாரும் இது பழசு என்று சொல்ல முடியாது.

நாளைக் காலை ஓசூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். லாட்ஜ் பெட்ஷீட்டில் சுற்றி, மேலே உன் பேரும் போன் நம்பரும் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதமும் உள்ளேயே இருக்கும். பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொள். கனமாக இருக்கும், யாரையாவது தூக்கச் சொல்.

திருப்பி கிடைக்கவில்லை.

உன் அண்ணன்,
அருணகிரி


ஓசூர்
23.1.2026

அண்ணா,

என்ன காரியம் செய்துவிட்டாய்!

பெட்ஷீட்டைப் பிரித்ததும் தப்பான பார்சலை வாங்கிவந்துவிட்டேனோ என்று நினைத்தேன். கட்டு மேலே என் பேர், உன் கையெழுத்து. உள்ளே எவனோ கடையில் வாங்கின புதுத் தகடு மாதிரி ஒன்று. அப்புறம்தான் உன் கடிதத்தைப் படித்தேன்.

அந்தக் கறுப்பு அழுக்கா, அண்ணா? அம்மா எண்ணெய் தடவித் தடவிச் சேர்த்தது அது. அது இருந்ததால்தான் தோசை ஒட்டாமல் எழுந்து வந்தது. தாலியை உருக்கிப் புதுசாகச் செய்து அனுப்பியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பதறியிருக்காது. அந்தக் காது எப்படி உடைந்தது தெரியுமா? நான் ஒன்பதாவது படிக்கும்போது குழாயடியில் போட்டு உடைத்தேன். அம்மா திட்டிவிட்டு, துணியால் பிடித்து இறக்கிக்கொண்டே காலத்தை ஓட்டினாள். அதையும் வெல்டிங் வைத்து மூடிவிட்டாயே!

மறுநாள் மாவு ஊற்றினேன். ஒட்டிக்கொண்டது. இரண்டாவதும் ஒட்டிக்கொண்டது. மாவு முழுக்கச் சுரண்டிக் கொட்டினேன். இவர் உள்ளிருந்து, "என்ன வேதா, கல்லோட சண்டையா?"ன்னு கேட்கிறார். எனக்கு அழுகைதான் வந்தது.

யாரையும் ஒரு வார்த்தை கேட்க மாட்டாயா? நான் என்ன புதுசா கேட்டேன்? அம்மா கை பட்டதைத்தானே கேட்டேன். எனக்கு இருந்தது அது ஒன்றுதான். அதையும் துடைத்து அனுப்பிவிட்டாய்.

வேதா


திருவண்ணாமலை
30.1.2026

வேதாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். நாளை மறுநாள் பௌர்ணமி, கூட்டம் இப்போதே தொடங்கிவிட்டது. ஆனாலும் இதை எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

நீ நினைத்துக்கொண்டிருக்கிற கறுப்பு அந்தக் கல்லில் இல்லை. ஆடியில் அம்மா விழுந்த அன்றைக்கு இறக்கி வைத்த கல், அப்புறம் அடுப்பேறவே இல்லை. அம்மாவுக்குக் கஞ்சி, இல்லாவிட்டால் இட்லியைப் பாலில் கரைத்து ஸ்பூனில். எனக்கு லாட்ஜ் மெஸ். ஐப்பசி மழையில் அடுப்படி ஓடு ஒழுகியது. கல் அந்த ஒழுகலுக்கு நேர் கீழே கிடந்திருக்கிறது. எனக்கு அதைப் பார்க்க எங்கே பொழுது? நீ கேட்டு எழுதிய பிறகுதான் போய் எடுத்தேன். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன், புளி போட்டுத் தேய்த்தேன். கையெல்லாம் சிவப்பானதுதான் மிச்சம். அதனால்தான் பட்டறைக்குப் போனேன்.

வரிசை, மரியாதை என்று எழுதியதும் பொய் இல்லை. ஆனால் வேறு எப்படி எழுதுவது? "அம்மா கல்லை நான் துருப்பிடிக்க விட்டுட்டேன்"னு எழுதணுமா? நீ அந்தத் துருவைப் பார்க்க வேண்டாம் என்றுதான் இழைத்தேன்.

இப்போது கேள். அம்மா படுக்கையில் கிடந்தபோது இரண்டு தடவை வந்தாய். இரண்டு தடவையும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நான் எதையெதைப் பிடித்தேன் என்று உனக்குத் தெரியாது, எழுதவும் மாட்டேன். ஒருநாள் என்னைப் பார்த்து, "யாருப்பா நீ, எம் புள்ளையைக் கூப்புடு"ன்னாங்க. கூப்பிட்டுக்கொண்டு வருகிறேன் என்று வாசல் வரை போய், மறுபடி உள்ளே வந்தேன்.

நீ வராததைக் குற்றம் சொல்லவில்லை. மாப்பிள்ளையை அந்த மெஷினில் போட்டுவிட்டு நீ எப்படி வருவாய்? எனக்கு அது தெரியும். ஆனால் அந்தக் கறுப்புக்கு என்னிடம் கணக்குக் கேட்காதே. எனக்குத் தெம்பு இல்லை. மனசு ஓய்ந்துபோயிருக்கிறது, உடம்பு அதைவிட ஓய்ந்துபோயிருக்கிறது. அம்மாவுக்காகப் போட்ட லீவையெல்லாம் இப்போது ராத்திரி டூட்டி பார்த்துக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

அருணகிரி


ஓசூர்
20.2.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். என்றைக்கு நான் உன் பேச்சைக் கேட்டிருக்கிறேன்?

உன் கடிதத்தை இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் படித்தேன். நர்ஸம்மா வந்து, "அக்கா, சாருக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்காரு"ன்னு என்னைத் தேற்றினார். பாவம், நான் இவருக்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டார். நான் உனக்காக அழுதேன், அண்ணா. வாசல் வரை போய்த் திரும்பி வந்தாயே, அதற்காக.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், பரணில் தூக்கிப் போட்டிருந்த கல்லை இறக்கினேன். கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி ஒருநாள் ஊற வைத்தேன். சிறு தீயில் காய்ச்சி ஆற வைத்தேன். மறுபடி எண்ணெய். வெங்காயத்தைத் தேய்த்தேன். மாவு ஊற்றினேன். ஒட்டியது. மறுநாளும் ஒட்டியது. இவர் தட்டை நீட்டிக்கொண்டே, "இன்னிக்கும் கொத்து தோசைதானா?"ன்னு கேட்பார். ஆமாம், பேசாம சாப்பிடுங்க என்பேன். அவருக்கு உப்பில்லாத தோசை வேறு, அதுவும் பிய்ந்த தோசை. மனுஷன் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்.

சுரண்டிக்கொண்டு நிற்கும்போது ஒருநாள் தோன்றியது. இந்தக் கல் புதுசாக வந்தபோது அம்மாவுக்கும் இப்படித்தானே ஒட்டியிருக்கும்? அப்பாவுக்கும் கொத்து தோசை போட்டிருப்பாள். நான் பிறக்கும் முன்பே கறுத்திருந்ததால் அது பிறவியிலேயே கறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நடுவில் ஒரு கைப்பிடி அளவுக்குப் பழுப்பு ஏறியிருக்கிறது. ஓரம் இன்னும் வெள்ளைதான். நேற்றுக் காலை முதல் தோசை பிய்ந்தது. நின்றபடியே தின்றேன். இரண்டாவது ஊற்றி, எண்ணெய் விட்டு, சும்மா நின்றேன். ஓரம் தானாகவே எழுந்தது. முழுசாக வந்துவிட்டது, அண்ணா! உப்பு போட்ட மாவு அது, இவருக்கு ஆகாது. எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, இது யாருக்கு என்று யோசிக்கவே இல்லை. இரண்டாவது உனக்குத்தானே. ஆறிப்போகும்வரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தாய்வீடு போய்விட்டது என்று உனக்கே எழுதினேன். உனக்கும் அதே வீடுதான் போயிற்று என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எனக்காவது இங்கே ஒரு வாசல் இருக்கிறது. நீ அந்த ரெண்டு ஆள் படுக்கிற ரூமில் உட்கார்ந்திருக்கிறாய்.

அடுத்த பௌர்ணமி மார்ச் மூன்றாம் தேதி வருகிறது. அந்தக் கூட்டம் முடிந்ததும் உன் முதலாளியிடம் லீவு கேள். தரவில்லை என்றால் என்னிடம் போனைக் கொடு, நான் பேசுகிறேன். வியாழக்கிழமை காலை இங்கே இருக்க வேண்டும். சீரும் வேண்டாம், வரிசையும் வேண்டாம், வெறும் கையோடு வா. வந்து இரண்டு நாள் தூங்கு. யாரும் உன்னிடம் சுடுதண்ணி கேட்க மாட்டார்கள்.

காது உடைந்த பக்கத்தைப் பற்றி எழுதியதை மறந்துவிடு. புதுக் காது பிடித்து இறக்க வசதியாகத்தான் இருக்கிறது.

உன் தங்கச்சி,
வேதா


திருவண்ணாமலை
26.2.2026

அன்புள்ள வேதாவுக்கு,

லீவு கேட்டேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எங்கய்யா போற?"ன்னார். தங்கச்சி வீட்டுக்கு என்றேன். அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

புதன்கிழமை இரவு பஸ் ஏறுகிறேன். விடிவதற்குள் வந்துவிடுவேன், வாசல் கதவைத் தாழ் போடாதே. மாப்பிள்ளைக்கு இங்கிருந்து என்ன கொண்டுவரலாம் என்று யோசித்துப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் அவருக்கு ஆகாது என்கிறாய். பேசிக்கொண்டிருக்க மட்டும் வருகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். தோசைத் திருப்பி பழைய சாமான்காரன் மூட்டையில் போகவில்லை. நீ முதலில் கேட்டு எழுதியபோதே அது என் பெட்டியில் இருந்தது. கொடுத்துவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன், கை வரவில்லை. என் ரூமில் அடுப்பு கிடையாது, கல்லும் கிடையாது. திருப்பி மட்டும் ஜன்னல் மேல் இருக்கிறது. டூட்டி முடிந்து வந்ததும் கொஞ்ச நேரம் இடது கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ சொன்னது சரி, எனக்கு அது படியவில்லை.

வரும்போது எடுத்து வருகிறேன். நீ தோசை சுடு. ஆனால் நான் கிளம்பும்போது அதைக் கழுவித் துடைத்து என் பையில் வைத்துவிட வேண்டும். உன்னிடம் விட்டுவிட மாட்டேன். அடுத்த தடவை வரும்போது மறுபடி கொண்டுவருகிறேன்.

எனக்கு மொறுமொறுவென்று வேண்டும்.

உன் அண்ணன்,
அருணகிரி